பனிக் கல்யாணத்தில் வாய் திறந்தவர்

என் அக்கா புருஷன் ஃபிதா அலிக்கு வாயை மூடத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அடையாளமாகச் சொல்கிறேன். எங்கள் மலைக் கிராமம் பியங்தாங்கில் ஒருவரை மூக்கை வைத்துச் சொல்வோம், ஒருவரை அவர் வளர்க்கும் ஆட்டை வைத்துச் சொல்வோம். ஃபிதா மச்சானை அவர் வாயை வைத்துத்தான் சொல்ல முடியும். ஓடையோரம் அவருடைய மாவுத் திரிகை இருந்தது. தண்ணீர் விழுந்து கல் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மச்சான் பேசுவது மட்டும் மேல்தெரு வரைக்கும் கேட்கும்.

ஸகீனா அக்காவுக்கும் அவருக்கும் நிக்காஹ் நடந்த அன்று, பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு வந்த எங்கள் மசூதி இமாம் அக்கோன், மாப்பிள்ளை பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். கேள்வி வருவதற்குள் மச்சான், "சம்மதம், சம்மதம், எங்க அம்மாவுக்கும் சம்மதம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அக்கோன் செருமினது செருமலுக்காகவே என்று பிறகு தெரிந்தது.

அவரிடம் ரகசியம் தங்காது. ஒரு வருஷம் குளிருக்காக ஊரில் கொஞ்சம் மரம் வெட்டி ஒளித்து வைத்திருந்தோம். விசாரிக்க வந்த வனத்துறை அதிகாரி இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மச்சான் அவருக்கு உப்புத் தேநீர் கொடுத்துவிட்டு, "எங்க வேணும்னாலும் பாருங்க சார், அந்தச் செம்பாறைக்குப் பின்னாடி மட்டும் போயிடாதீங்க, வழி சரியில்ல" என்றார். அக்கா முதல்முறை உண்டானபோது என்னிடம் மூன்றாம் நாளே சொன்னாள், அவரிடம் மூன்றாம் மாதம் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து விசாரிப்பு வந்துவிட்டது.

நான் அவருக்கு நேர் எதிர். என் பெயர் தகி. ஊர் எனக்கு வைத்த பெயர் கல். கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது, அதை ஒப்புக்கொண்டுதான் மேலே சொல்ல வேண்டும். வாயாடிகளைக் கண்டால் எனக்கு இளப்பம். மச்சானைக் கண்டால் கொஞ்சம் அதிகமாகவே இளப்பம், ஏனென்றால் அவர் என் வீட்டு மாப்பிள்ளை.

எங்கள் ஊருக்கு வயல் உண்டு, வெயில் உண்டு, தண்ணீர்தான் இழுபறி. பார்லி விதைத்து முளை எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஓடை வர வேண்டும். தலைமாட்டில் இருந்த பனி தேய்ந்து தேய்ந்து மலைத்தோளுக்குப் பின்னால் போய்விட்ட பிறகு, ஓடை ஒரு மாதம் தாமதமாக வந்தது. முதலில் காய்ந்தவை மேல்வயல்கள். அக்காவுக்கு ஒரு மேல்வயல் இருந்தது, எங்கள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. அதில் ஏழு ஆப்ரிகாட் மரங்கள். ஆடி மாதம் வரைக்கும் சுற்ற வேண்டிய மச்சானின் திரிகையும் பாதியில் நின்றது.

அப்போதுதான் பனிக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்று ஊர் முடிவு செய்தது.

எங்களுக்கு இது புதிதல்ல. பனியில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் பனி கருப்பு. கல்லும் மண்ணும் போர்த்திக்கொண்டு கிடந்த இடத்தில் கிடக்கும், சொட்டுத் தண்ணீர் தராது. பெண் பனி வெள்ளை, உள்ளே நீலம் ஓடும், அது நகரும், வளரும், தண்ணீர் கொடுக்கும். இரண்டையும் வெட்டி முதுகுக்கூடைகளில் சுமந்துகொண்டு போய், வெயில் படாத உயரத்தில் ஒரு குடைவில் ஒன்றாகப் படுக்க வைத்து, கரியும் உமியும் போட்டு மூடி, சுரைக்குடுக்கைகளில் ஆற்றுத் தண்ணீர் வைத்து, மனசுக்குள் துஆ ஓதிவிட்டு வர வேண்டும். பனி குடும்பம் பெருக்கும். பன்னிரண்டு வருஷம் யாரும் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. அதன் பிறகு புது ஓடை இறங்கும்.

தூக்குகிற ஆட்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு இரண்டு கட்டளை. பனி வெட்டிய நேரத்திலிருந்து அதைப் படுக்க வைத்துவிட்டு மேய்ச்சல் குடிசைக்குத் திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூடை தரையில் படக் கூடாது. களைத்தால் தாங்குகோலைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே இளைப்பாற வேண்டும். படுக்கும் நேரத்தில் கூடைகளைக் கம்பு நட்டுத் தொங்கவிட வேண்டும். பேசினால் பனி பயந்துவிடும், தரையில் வைத்தால் அந்த இடத்தையே வீடு என்று நினைத்துக்கொள்ளும். இரண்டில் எது தவறினாலும் கல்யாணம் செல்லாது.

ஹாஜி யூனுஸ்தான் எங்களுக்குத் தலைவர். அவர் தன்னைத் தவிரப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தார், அதில் நான் முதல். அவர்களில் ஒருவர் கால் சுளுக்கிக்கொண்டு விலகியதும் மச்சான் எழுந்து நின்றார்.

"ஹாஜி, நான் வரேன்."

மசூதி முற்றமே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சொன்னேன்: "மச்சான் வந்தா பனியே எழுந்து ஓடிடும் ஹாஜி. இவரு தூக்கத்துலயே அரை ஊர்க் கதை பேசுறவரு. எங்க அக்காவக் கேளுங்க."

மச்சான் கோபப்படவில்லை. ஓடையில் பொறுக்கிய ஒரு வழவழப்பான கூழாங்கல்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இத வாயில போட்டுக்கறேன். நாலு நாள் வெளிய எடுக்க மாட்டேன். ஹாஜி, எங்க அப்பா பனி தூக்கினவரு. என் திரிகை நின்னு போச்சு, ஸகீனாவோட மரம் காயுது. இதுக்குக்கூட என்னால வாய மூட முடியலன்னா நான் எதுக்கு?"

ஹாஜி அந்தக் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முழுங்கிடாத" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இலையுதிர் காலத்தின் கடைசியில் கிளம்பினோம். மச்சான் சத்தியமாக வாய் திறக்கவில்லை. கன்னம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, கண் மட்டும் பேசிக்கொண்டே வந்தது. மலையாடு ஒன்று குறுக்கே ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் அவருக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. முனகக்கூட இல்லை.

விழுந்தது நான்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாளே எனக்கு வயிறு சரியில்லை. சொன்னால் என்னை நிறுத்திவிடுவார்கள். ஹாஜிக்குப் பிறகு நான்தான் தலைவர் என்று ஊரில் பேச்சு இருந்தது. அதனால் வழக்கம்போலக் கல்லாக இருந்தேன். மூன்றாம் நாள் மதியம் பனிக்காற்று கிளம்பியது. முன்னால் போன பத்துப் பேரும் பாறை முனையைத் திரும்பி மறைந்துவிட்டார்கள். நான் பதினோராவது ஆள், மச்சான் கடைசி. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பனிச்சரிவு. அடிக்கு அடி கோலால் குத்திப் பார்த்துத்தான் கடக்க முடியும். நான் கடந்துவிட்டேன். கடந்ததும் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன.

ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். கூடை தோளிலிருந்து நழுவிப் பாறைப் பக்கமாகத் தரையில் இறங்கியது. அது தரையில் இறங்கிய சத்தத்தைக் கேட்டேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உடம்பு இதமாகச் சூடாகியது. உறைந்து சாவதற்கு முன்னால்தான் அந்தச் சூடு வரும் என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குத் தூக்கம் சொக்கியது. நான் சாய்ந்த பக்கம் விளிம்பு, அதற்குக் கீழே வெறும் காற்று.

"தகீ! டேய் தகி! எந்திரிடா! பின்னால போகாத!"

கண் விழித்தபோது என் இடுப்புக்குக் கீழே பனி நகர்ந்துகொண்டிருந்தது. புரண்டு பாறையைப் பிடித்தேன். நான் உட்கார்ந்திருந்த இடம் ஒரு கட்டிலளவு உடைந்து கீழே போனது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.

மச்சான் சரிவைக் கடந்து வந்து சேர்ந்தார். அவர் கன்னம் தட்டையாக இருந்தது. கல் எங்கேயோ விழுந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, நேராகக் கூடையிடம் போனார். அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கம்பளி நுனியால் துடைத்தார், குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல. தூக்கி என் முதுகில் ஏற்றினார், பட்டையை இறுக்கினார். பிறகு என் தோளில் கையை வைத்தபடியே பாறை முனைவரை நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பனியைப் படுக்க வைத்தோம். ஓதினோம். இறங்கினோம். மேய்ச்சல் குடிசையில் நெருப்பு மூட்டி, வாய்க்கட்டு அவிழ்ந்ததும் ஹாஜி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நேத்து மதியம் ஒரு சத்தம் கேட்டுச்சு. காத்து சத்தமில்ல. மனுஷன் சத்தம். யாரு?"

சொல்லத்தான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். மச்சான் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை.

"நான்தான் ஹாஜி."

"ஏன்?"

"அந்த முனையில எதிரொலி வரும்னு எங்க அப்பா சொல்லுவாரு. வருதான்னு பாத்தேன்."

யாரும் சந்தேகப்படவில்லை. ஃபிதா அலி எதிரொலி பார்க்கக் கத்தினார் என்பதைவிட நம்பத் தகுந்த செய்தி எங்கள் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. ஒருவர் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை நெருப்பில் எறிந்தார். ஹாஜி யூனுஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பன்னிரண்டு பேரு, நாலு நாளு" என்று மட்டும் சொன்னார். நான் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம்.

ஓடை தாமதமாக வந்தால் ஃபிதா. பார்லி சுருங்கினால் ஃபிதா. மேல்தெருவில் ஒருத்தர் மாட்டுக்குப் பால் வற்றியதற்குக்கூட ஃபிதா. அவர் தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் கதவுக்குப் பின்னாலிருந்து "ஓ..." என்று நீட்டிக் கத்துவார், இன்னொருவர் எதிர்வீட்டிலிருந்து எதிரொலி கொடுப்பார். முதலில் கோபத்தில் செய்தார்கள், பிறகு பழக்கத்தில் செய்தார்கள். மச்சான் சிரித்துக்கொண்டே, "உன் எதிரொலி லேட்டா வருது, போய் எண்ணெய் போடு" என்பார். திரிகைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கீழ்ப் பள்ளத்தாக்குத் திரிகைக்கு அரை நாள் நடந்து போனார்கள், அவரிடம் அரைக்க மாட்டோம் என்று. அவர் யாரும் இல்லாத திரிகையில் கல்லோடு பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றபோது அதுவும் பதில் சொல்லவில்லை.

அக்காவின் ஏழு மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டன. கடைசி மரத்தை வெட்டிய அன்று அவள் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"நீ அவருக்கு முன்னாடிதானே நடந்த? உனக்குத் தெரியாம இருக்காது. எதிரொலியாம், எதிரொலி. இத்தனை வருஷம் கூட இருக்கேன். அவரு பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? எதுக்குக் கத்தினாரு?"

"காத்து பலமா இருந்துச்சுக்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு. வாயில மாவை அடைச்சு வெச்சிருக்கிறவன்கிட்ட." போய்விட்டாள். என் மனைவி ருகையா என்ன ஆயிற்று என்று கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை.

மச்சான் அக்காவிடமும் சொல்லவில்லை, அதுதான் என்னைத் தின்றது. தினம் தினம் பயந்தேன். இன்று சொல்லிவிடுவார், நாளை உளறிவிடுவார் என்று. கல்யாணப் பந்தியில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ரொட்டி கையிலேயே நின்றது. சொல்லிவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றியது. அவர் ஊரில் உள்ள அத்தனை பேர் குட்டையும் உடைத்தார், இதை மட்டும் உடைக்கவில்லை.

ஒரே ஒரு முறை திரிகையில் நானே பேச்சை எடுத்தேன். "மச்சான், அன்னிக்கு மேல..."

"மேலயா? மேல பனி இருந்துச்சு. மாப்ளே, உன் ஜோ மாட்டுக்கு லாடம் அடிச்சியா?"

"ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?"

அவர் மாவைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உன்னை ஹாஜி அடுத்த தலைவரா நினைச்சுட்டிருக்காரு. என்னை யாரும் எதுவாவும் நினைக்கல. கெடுறதுக்கு என்கிட்ட என்ன பேரு இருக்கு? உன் பேரு போனா உங்க அப்பா பேரும் போகும், ஸகீனா உக்காந்து அழுவா. நான் திட்டு வாங்கினா அவளும் சேர்ந்து திட்டுவா, அவளுக்கும் பொழுது போகும். ஒண்ணே ஒண்ணு, என் கல்லு போச்சு. நல்ல கல்லு."

இதைக் கேட்டுவிட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனிதன் நான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்வோம் என்று தள்ளினேன். பொய்யைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அது எடை கூடும், பழைய பனி போல.

ஒன்பதாவது வருஷம் ஊர் இன்னொரு கல்யாணம் செய்வதாக முடிவு செய்தது. பழையது செல்லாது என்று எல்லோருக்கும் தீர்மானம். கிழக்கே வேறு குடைவு பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மசூதி முற்றத்தில் உட்கார்ந்தோம், பெண்கள் பக்கத்துக் கூரைகளில் நின்றார்கள். ஹாஜி யூனுஸுக்கு மூட்டு வீங்கிவிட்டது. அவர் தன் தாங்குகோலை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இனிமே தகி கூட்டிட்டுப் போவான். ஊர்ல வாய அடக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இவன்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கையை நீட்டப் போனேன், அது உண்மை. அப்போது பின் வரிசையிலிருந்து மச்சான் எழுந்தார். தலை நரைத்திருந்தது.

"ஹாஜி, எனக்கும் ஒரு கூடை குடுங்க. கடைசி ஆளா வரேன். என்னால கெட்டதுன்னு சொல்றீங்கல்ல, நானே தூக்கி அதைச் சரி பண்றேன்."

யாரோ ஒருவர் "ஓ..." என்று இழுத்தார். இன்னொருவர் எதிரொலி கொடுத்தார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் என் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

நான் தாங்குகோலைத் தொடவில்லை.

"அவரு எதிரொலிக்குக் கத்தல" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "என்னை எழுப்பக் கத்தினாரு. எனக்கு உடம்பு முடியல, யார்கிட்டயும் சொல்லல. விளிம்புல உக்காந்து தூங்கிட்டேன். கூடையைத் தரையில வெச்சவன் நான். அவரு கத்தலன்னா நான் இன்னிக்கு இல்ல. கல்யாணம் கெட்டிருந்தா என்னாலதான் கெட்டுச்சு. ஒன்பது வருஷமா எனக்குத் தெரியும்."

சிரித்தவர்கள் வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. ஹாஜி நீட்டிய கோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒன்பது வருஷம்" என்றார். "அவனைத் தெருவுல நாய் மாதிரி விரட்டினோம். நீ பாத்துட்டு நின்ன. வாய அடக்குறதுல உன்னை மிஞ்ச ஆளே இல்லடா தகி. எங்களுக்குத்தான் நல்லது கெட்டது தெரியாமப் போச்சு."

என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தாங்குகோல் வேறொருவருக்குப் போனது. என் முதுகுக்கு என்று கட்டி வைத்திருந்த கூடையை ஹாஜியே இரண்டு கையாலும் எடுத்து மச்சானிடம் கொடுத்தார். "முழுங்கிடாத" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. மச்சான் கூடையை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நன்றி இல்லை, கோபம் மாதிரி ஒன்று இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் போய்விட்டார். ஃபிதா அலி சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அக்கா கூரையிலிருந்து இறங்கி வந்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அதே கையால் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு பேரும் போனார்கள். ஒருவரும் என்னிடம் விடைபெறவில்லை. நான்கு நாள் நான் மேய்ச்சல் குடிசையில் காத்திருந்தேன். நெருப்புக்கு விறகு சேர்த்து, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, இறங்கி வருகிறவர்களுக்கு ரொட்டி சுட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். மேலே பனிக்காற்று வீசுவது கீழேயிருந்தே தெரிந்தது. அவருக்கு முன்னால் யார் நடக்கிறார்கள், அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து மூன்று ரொட்டிகளைக் கருக்கினேன்.

நான்காம் நாள் மதியம் வந்தார்கள். எண்ணினேன், பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். ஒரு நாழிகை கழித்துப் பன்னிரண்டாவது ஆளாக மச்சான் சரிவில் இறங்கி வந்தார். வெறும் கூடை முதுகில் ஆடியது. கன்னம் துருத்திக்கொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்து நின்று, கூடையைக் கழற்றி வைத்து, வாயிலிருந்து ஒரு புதுக் கூழாங்கல்லை எடுத்துக் கம்பளியில் துடைத்துப் பையில் போட்டார். நான்கு நாளாக அடைத்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"உனக்கு அறிவிருக்கா? யாரு உன்னைச் சொல்லச் சொன்னது? பொறந்ததிலேருந்து நான் காப்பாத்தின ஒரே ரகசியம் அதுதான்! ஒண்ணே ஒண்ணு! பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம, பல்லைக் கடிச்சிட்டு, ஒன்பது வருஷம்! பன்னிரண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன். எங்க அப்பா குழிக்குப் போய் நின்னு, பாத்தீங்களா, உங்க பிள்ளையால முடிஞ்சுதுன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டியேடா மாப்ளே!"

சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தாடியில் பனி உருகி என் கழுத்தில் ஒழுகியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ரொட்டி ஏன் கருகியிருக்கிறது என்று கேட்டார்.

மற்றவர்கள் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகு, "ஏன் மச்சான் கடைசியா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பழைய குடைவுப் பக்கமாச் சுத்திட்டு வந்தேன்."

"பன்னிரண்டு வருஷம் பாக்கக் கூடாதே?"

"கல்யாணம் செல்லாதுன்னு சொன்னது நீங்கதானே? செல்லாத கல்யாணத்தை எட்டிப் பாத்தா என்ன தப்பு?"

"என்ன இருந்துச்சு?"

அவர் தேநீர்க் கிண்ணத்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உறிஞ்சினார். ஊதினார். மறுபடி உறிஞ்சினார்.

"அதை எப்படிச் சொல்றது? இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கே."

"மச்சான்!"

"கேக்காத மாப்ளே. ஒரு ரகசியத்தைக் கெடுத்துட்ட, இதையாவது விடு."

என்ன கெஞ்சியும் சொல்லவில்லை. ஆனால் அவர் மூடக் கற்றுக்கொண்டது வாயை மட்டும்தான். முகத்தை மூட அவருக்கு இன்றைக்கும் தெரியாது. கிண்ணத்துக்கு மேலே சந்தோஷத்தில் மினுங்கிய அந்த இரண்டு கண்ணையும் நான் பார்த்தேன், அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வாரம், மண் உறைவதற்கு முன்னால், கீழ்த் தோட்டத்திலிருந்து ஏழு ஆப்ரிகாட் கன்றுகளை வேரோடு எடுத்துக்கொண்டு அக்காவின் மேல்வயலுக்குப் போனேன். பட்ட மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு அதே ஏழு குழியில் நட்டேன். மூன்று வருஷம் தோளில் தண்ணீர் சுமந்து ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். வழியில் போன ஆட்கள் நின்று பார்த்தார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சொட்டுத் தண்ணி வராத இடத்துல கன்னு நடறியே, புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?"

நான் கன்றைச் சுற்றி மண்ணை மிதித்தேன். கற்சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் கன்னத்தில் கூழாங்கல் துருத்திக்கொண்டிருந்தது.